கடிகாரங்களுக்கிடையே ஓர் ஒழுங்கு: கணிப்பொறி வலைப்பின்னலில் நேரம் வழங்கும் முறை

இந்திய ரயில்வேயின் பொது விதிகளில் நான்காம் அத்தியாயம் நேரத்தைப் பற்றிய விதியோடுதான் தொடங்குகிறது. நிலையங்களுக்கிடையே ரயில்கள் இயங்குவதை இந்திய அரசு வகுத்த திட்ட நேரமே நெறிப்படுத்த வேண்டும். அந்நேரம் நாள்தோறும் 16.00 மணிக்கு முக்கிய நிலையங்கள் அனைத்திற்கும் அறிவிக்கப்பட வேண்டும் என்கிறது அவ்விதி. அடுத்து வரும் விதிகளுள் ஒன்று, வண்டி புறப்படுமுன் கார்டு தம் கைக்கடிகாரத்தை நிலையக் கடிகாரத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டு, அந்நேரத்தை ஓட்டுநருக்குத் தெரிவிக்க வேண்டும், ஓட்டுநர் தம் கடிகாரத்தை அதன்படி திருத்திக்கொள்ள வேண்டும் என்று கூறுகிறது.

இவ்விரு விதிகளையும் ஊன்றிப் படிப்பவருக்கு இக்கட்டுரையின் பொருள் பாதி விளங்கிவிடும். நேரம் ஒரு மூலத்திலிருந்து படிப்படியாக இறங்கி வருகிறது. யார் யாரிடமிருந்து நேரம் பெற வேண்டும் என்பது முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் கார்டின் கடிகாரத்தைத் திருத்துவதில்லை. நடைமேடையில் நிற்கும் பயணி நிலையக் கடிகாரத்தின் முள்ளைத் தொடுவதில்லை. கணிப்பொறி வலைப்பின்னல்களில் நேரம் வழங்கும் முறையும் இதே இரண்டு கேள்விகளின்மேல்தான் நிற்கிறது: யாரை நம்புவது? யாரை எவ்வளவு தூரம் உள்ளே விடுவது?

கார்டன் ரீச்சும் நேரமும்

கல்கத்தாவின் தென்மேற்கில், ஹூக்ளி ஆறு வளைந்து செல்லும் கரையில் அமைந்தது கார்டன் ரீச். அயோத்தி நவாபு வாஜித் அலி ஷா 1856-இல் அரசிழந்து வந்து குடியேறிய மட்டியாபுருஜ் இதன் பகுதியே. இன்று தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம், கார்டன் ரீச் கப்பல் கட்டும் தளம், துறைமுகத்தின் நேதாஜி சுபாஷ் கப்பல்துறை ஆகியவை இங்கு அருகருகே உள்ளன. மூன்றும் நேரத்தைக் கொண்டு பிழைப்பவை என்று சொன்னால் மிகையாகாது. ஹூக்ளியில் கப்பல் வருவதும் போவதும் கடல் ஏற்ற இறக்கத்தைப் பொறுத்தது; அவ்வேற்ற இறக்கத்தை அளக்கும் நிலையம் கார்டன் ரீச்சிலேயே நெடுங்காலமாக இருந்துவருகிறது. ஏற்றநீர் இத்தனை மணிக்கு என்று அட்டவணை சொன்னால், அந்த மணி எந்தக் கடிகாரத்தின் மணி என்று கேட்க வேண்டியது மாலுமியின் முதல் கடமை.

அவ்வாறு கேட்கவேண்டிய தேவை கல்கத்தாவில் ஒரு காலத்தில் மெய்யாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ரயில்களும் தந்தியும் சென்னை வானாய்வு நிலையத்தின் நேரத்தைப் பின்பற்றின. ஊர் தன் சொந்தக் கல்கத்தா நேரத்தைப் பின்பற்றியது. கல்கத்தா நேரம் கிரீனிச்சுக்கு ஏறத்தாழ 5 மணி 53 நிமிடம் முன்னால். சென்னை நேரம் ஏறத்தாழ 5 மணி 21 நிமிடம் முன்னால். இடைவெளி 32 நிமிடம். ஆற்றங்கரையில் கப்பலுக்கு ஒரு மணி, அதற்குப் பின்னால் ஓடிய ரயிலுக்கு வேறு மணி. 1905-இல் ரயில்வேக்களும் தந்தித் துறையும் கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னான நேரத்திற்கு மாறின. 1906 ஜனவரி 1 முதல் அதுவே இந்தியத் திட்ட நேரமாயிற்று. கல்கத்தா மட்டும் தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. ஒரு நகரம் தன் கடிகாரத்தின்மேல் இத்துணைப் பிடிவாதம் காட்டியதை இன்று வியப்பாகப் பார்க்கிறோம். ஆயினும் நம் அலுவலகங்களில் ஒவ்வொரு பிரிவும் தன் கணிப்பொறியைத் தன் போக்கில் ஓடவிடுவதை வியப்பின்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தென்கிழக்கு ரயில்வே 1955-இல் தோன்றியது. 2003-இல் புவனேஸ்வரையும் பிலாஸ்பூரையும் தலைமையிடமாகக் கொண்ட புதிய மண்டலங்களுக்குப் பெரும்பகுதியைப் பிரித்துக் கொடுத்தபின், கரக்பூர், ஆத்ரா, சக்ரதர்பூர், ராஞ்சி என்னும் நான்கு கோட்டங்கள் அதன்கீழ் உள்ளன. ஒரு தலைமையகம், நான்கு கோட்டங்கள், அவற்றின்கீழ் நூற்றுக்கணக்கான நிலையங்கள் என்ற இந்த அமைப்பையே நம் பாடத்திற்கு மாதிரியாகக் கொள்வோம். கீழே சொல்லப்படும் கணிப்பொறி ஏற்பாடு விளக்கத்திற்காகக் கற்பித்துக்கொண்டதே. அவ்வலுவலகத்தில் நிலவும் மெய்யான ஏற்பாடு அன்று.

பிழை எங்கிருந்து வருகிறது

கணிப்பொறியினுள் இருக்கும் கடிகாரம் ஒரு குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு இயங்குகிறது. வெப்பநிலை மாற்றத்தாலும் படிகத்தின் வயதாலும் அவ்வதிர்வு சற்று மிகும் அல்லது குறையும். பத்து லட்சத்தில் பன்னிரண்டு பங்கு பிழை என்பது இத்தகைய மலிவான படிகங்களில் அரிதன்று. அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு வினாடி. ஒரு மாதத்தில் அரை நிமிடம். தனியாக இருக்கும் பொறிக்கு இது பெரிய குறையன்று. இரண்டு பொறிகளின் பதிவேடுகளை ஒப்பிட நேரும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

2023 ஜூன் 2 மாலை, ஒடிசாவின் பாலேசுவர் மாவட்டத்தில் பஹானகா பஜார் நிலையத்தில், ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் நேர்ப்பாதைக்கு மாறாகக் கிளைப்பாதையில் நுழைந்து, அங்கு நின்ற சரக்கு வண்டியின்மேல் மோதியது; தடம் புரண்ட பெட்டிகள் எதிர்த் திசையில் சென்ற பெங்களூர்–ஹவுரா வண்டியையும் சேதப்படுத்தின. 290-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்நிலையம் தென்கிழக்கு ரயில்வேயின் கரக்பூர் கோட்டத்தைச் சேர்ந்தது. சிக்னல் சுற்றுகளில் செய்யப்பட்ட மாற்ற வேலைகளில் நேர்ந்த குறைகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை கண்டது. கடிகாரப் பிழை அவ்விபத்திற்குக் காரணமன்று. அதனைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஆனால் இத்தகைய எந்த விசாரணையிலும் அதிகாரியின்முன் வருவன என்ன? எந்த ரிலே எப்போது நிலை மாறியது என்று வினாடிக் கணக்கில் எழுதிவைக்கும் டேட்டா லாக்கர் பதிவு, கட்டுப்பாட்டு அறையின் பதிவு, எஞ்சினின் வேகப் பதிவு, தொலைபேசி உரையாடல் பதிவு ஆகியவை. இவை ஒவ்வொன்றும் தனித்தனிக் கடிகாரத்தின் சாட்சியம். சிக்னல் மாறியது முன்னா, வண்டி கடந்தது முன்னா என்ற கேள்விக்கு விடை இரண்டு வினாடிக்குள் அடங்கியிருக்கக்கூடும். கடிகாரங்கள் ஐந்து வினாடி வேறுபட்டால் சாட்சியங்களின் வரிசையே தலைகீழாகும். குற்றமற்ற ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் பதில் சொல்ல முடியாமல் நிற்க நேரும்.

நேரம் கேட்டலும் பெறுதலும்

கணிப்பொறிகள் ஒன்றையொன்று நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் நெறிமுறைக்கு என்.டி.பி. என்று பெயர். அமெரிக்காவின் டெலாவேர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டேவிட் மில்ஸ் இதனை உருவாக்கினார். முதல் ஆவணம் 1985-இல் வெளியாயிற்று. மூன்றாம் வடிவம் 1992-இலும் இன்று வழங்கும் நான்காம் வடிவம் 2010-இலும் வெளியாயின. மில்ஸ் 2024 ஜனவரியில் காலமானார். இன்று உலகில் இயங்கும் வலைப்பின்னல்களுள் அவர் அறிவால் பயன்பெறாதது ஒன்றுகூட இராது.

முறை எளியது. கரக்பூரிலுள்ள கணிப்பொறி கார்டன் ரீச்சை நேரம் கேட்கிறது. கேள்வி புறப்படும்போது கரக்பூர் கடிகாரம் காட்டுவது 10.000 வினாடி என்க. அது வந்து சேரும்போது கார்டன் ரீச் கடிகாரம் காட்டுவது 10.130. விடை புறப்படுவது 10.131. விடை கரக்பூரை அடையும்போது கரக்பூர் கடிகாரம் காட்டுவது 10.041. இந்த நான்கு எண்களே போதும். போகவும் வரவும் ஆன மொத்த நேரம் 0.041; அதில் கார்டன் ரீச்சில் தங்கிய 0.001-ஐக் கழித்தால் வழியில் கழிந்தது 0.040 வினாடி. கடிகார வேறுபாடோ, 0.130-க்கும் 0.090-க்கும் சராசரியான 0.110 வினாடி. அதாவது கரக்பூர் 110 மில்லிவினாடி பின்தங்கியிருக்கிறது. மாணவர்கள் தாமே ஒருமுறை தாளில் போட்டுப் பார்ப்பது நலம்.

இக்கணக்கில் ஓர் எடுகோள் ஒளிந்திருக்கிறது. போகும் வழிக்கும் வரும் வழிக்கும் சம நேரம் ஆகிறது என்று கொள்கிறோம். அது மெய்யாகாவிடில் விடையில் பிழை புகும். எவ்வளவு மோசமாயினும் அப்பிழை மொத்த வழிநேரத்தில் பாதியைத் தாண்டாது. எனவே அருகிலுள்ள நேர வழங்கி தொலைவிலுள்ளதைவிட மேல்.

வேறுபாடு தெரிந்தவுடன் கடிகாரத்தைச் சட்டென்று தள்ளிவைப்பதில்லை. 128 மில்லிவினாடிக்குக் குறைந்த வேறுபாட்டை, வினாடிக்கு அரை மில்லிவினாடி என்ற வரம்புக்குள், கடிகாரத்தின் வேகத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ தீர்க்கிறது. நம் 110 மில்லிவினாடியைத் தீர்க்கக் குறைந்தது 220 வினாடி ஆகும். வேறுபாடு 128-ஐத் தாண்டி நீடித்தால் ஒரே தாவலாகத் திருத்தும். 1000 வினாடியைத் தாண்டினால் எங்கோ பெரும் பிழை என்று கருதித் தன் வேலையையே நிறுத்திவிடும். நல்ல அலுவலர் ஒருவரின் இயல்பு இது: சிறு பிழையை ஓசையின்றித் திருத்துவார், பெரும் பிழையைக் கண்டால் கோப்பில் கையெழுத்திட மாட்டார்.

படிகளும் இணைமையும்

அணுக் கடிகாரமோ துணைக்கோள் நேரவாங்கியோ நேரடியாக இணைக்கப்பட்ட வழங்கி முதற்படியில் உள்ளது. அதனிடம் பெறுவது இரண்டாம் படி. இவ்வாறு பதினைந்து படிவரை செல்லலாம். பதினாறு என்று ஒரு வழங்கி தன்னைக் காட்டினால், ‘எனக்கே நேரம் தெரியாது’ என்று அது ஒப்புக்கொள்வதாகப் பொருள். படி என்பது மூலத்திலிருந்து எத்தனை கை மாறியது என்பதைத்தான் சொல்லும், துல்லியத்தைச் சொல்லாது. பழுதான வாங்கியை வைத்துக்கொண்டிருக்கும் முதற்படி வழங்கியைவிட, நன்கு பேணப்பட்ட மூன்றாம் படி வழங்கி நம்பத்தக்கது.

நம் நாட்டில் மூலம் எது என்பதில் ஐயமில்லை. புதுடில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடம் இந்தியத் திட்ட நேரத்தைப் பேணிவருகிறது. 2022 ஏப்ரல் 28-ஆம் நாள் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 70-பி பிரிவின்கீழ் கணிப்பொறி அவசரநிலைக் குழு பிறப்பித்த ஆணை, நிறுவனங்கள் தம் கணிப்பொறிக் கடிகாரங்களை அவ்வாய்வுக்கூடத்தின் அல்லது தேசியத் தகவலியல் மையத்தின் நேர வழங்கிகளோடு, அல்லது அவற்றோடு தொடர்பு காட்டக்கூடிய வேறு வழங்கிகளோடு, பொருத்திவைக்க வேண்டும் என்கிறது. அதே ஆணை பதிவேடுகளை 180 நாள் காக்கவும், ஊறு நேர்ந்ததை அறிந்த 6 மணிக்குள் தெரிவிக்கவும் பணிக்கிறது. எந்த மணியிலிருந்து ஆறு மணி என்பதற்கும் கடிகாரமே சாட்சி. 2025 ஜனவரியில் சட்டமுறை அளவியல் துறை, இந்தியத் திட்ட நேரத்தைக் கட்டாயமாக்கும் வரைவு விதிகளை மக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

இனி இணைமைக்கு வருவோம். மேலிருந்து கீழாகப் பெறுவது ஓர் உறவு; இதனை ‘சர்வர்’ என்னும் சொல்லால் ஏற்பாட்டுக் கோப்பில் எழுதுவர். ஒரே நிலையிலுள்ள இரண்டு வழங்கிகள் ஒன்றுக்கொன்று நேரம் கொடுத்துக்கொள்வது வேறோர் உறவு. இதற்கு ‘பியர்’ என்னும் சொல். முன்னதில் ஒருவர் கேட்பவர், மற்றவர் கொடுப்பவர். பின்னதில் தேவை நேர்ந்தபோது யாரும் யாரிடமும் பெறலாம்.

நம் மாதிரியில் தலைமையகத்தின் இரு வேறு கட்டடங்களில் இரண்டு வழங்கிகள் உள்ளன என்க. முதல் வழங்கி கூரைமேல் துணைக்கோள் வாங்கியைக் கொண்டது. இரண்டாவது, வலைப்பின்னல் வழியே டில்லி வழங்கிகளிடம் பெறுவது. இரண்டையும் இணையாக்குகிறோம். ஒரு புயல் இரவில் கூரைமேல் உள்ள வாங்கி பழுதானால், முதல் வழங்கி தன் இணையிடமிருந்து நேரம் பெற்று, அதற்கு ஒரு படி கீழாகத் தன்னைக் காட்டிக்கொண்டு, கோட்டங்களுக்குத் தொடர்ந்து நேரம் வழங்கும். கோட்டங்களில் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

இந்த நன்மை கிட்டுவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பலரும் அதனை மறந்துவிடுகின்றனர். இணைகள் இரண்டும் வெவ்வேறு மூலங்களிடம் பெற வேண்டும். இரண்டும் ஒரே மூலத்தைச் சார்ந்தால், மூலம் தவறும்போது இரண்டும் சேர்ந்தே தவறும். அவை ஒன்றையொன்று ஆமோதித்துக்கொள்வது வேறு. 2012 நவம்பர் 19 அன்று அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தின் இரு நேர வழங்கிகள் சிறிது நேரம் ஆண்டை 2000 என்று அறிவித்தன. அவற்றை மட்டுமே நம்பியிருந்த பல நிறுவனங்களின் கணிப்பொறிகள் பன்னிரண்டு ஆண்டு பின்னோக்கிச் சென்றன. இரண்டு சாட்சிகள் முரண்பட்டால் எது பொய் என்று சொல்ல இயலாது. மூன்று இருந்தால் பெரும்பான்மை கிடைக்கும். ஒன்று செயலிழந்தாலும் பெரும்பான்மை நிலைக்க நான்கு வேண்டும். 2019-இல் வெளியான நடைமுறைப் பரிந்துரையும் நான்கு மூலங்களுக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளவே சொல்கிறது. பஞ்சாயத்தில் இரட்டைப்படை எண்ணிக்கையில் உறுப்பினர் வைப்பதில்லை என்ற நம் கிராமத்து அறிவு இதற்கு முழுவதும் பொருந்தாவிடினும், அதன் உறவினர்தான்.

இணைமைக்கு இன்னொரு நிபந்தனை நம்பிக்கை. நம் கடிகாரத்தைத் திருத்தும் உரிமையை இணைக்கு நாம் கொடுக்கிறோம். எனவே ஒரே நிருவாகத்தின்கீழ் உள்ள வழங்கிகளை மட்டுமே இணையாக்க வேண்டும். இரண்டு பக்கத்திலும் மற்றதன் முகவரியை வெளிப்படையாக எழுத வேண்டும். இருவருக்கும் மட்டும் தெரிந்த இரகசியத் திறவுகோலால் செய்திகளுக்கு முத்திரையிட வேண்டும். முத்திரையற்ற இணைமை, கையெழுத்தில்லாத காசோலைக்கு நிகர்.

அனுமதி வரையறைகள்

யாரை எவ்வளவு தூரம் உள்ளே விடுவது என்ற இரண்டாவது கேள்விக்கு விடை, ‘ரெஸ்ட்ரிக்ட்’ என்று தொடங்கும் வரிகள். இவை முகவரிகளின் பட்டியல். வரும் ஒவ்வொரு செய்தியின் முகவரியும் இப்பட்டியலோடு ஒப்பிடப்படும். மிக நெருக்கமாகப் பொருந்தும் வரியே செல்லும். எதுவும் பொருந்தாவிடில் ‘டிஃபால்ட்’ என்ற பொது வரி செல்லும். பொது விதி, சிறப்பு விதி என்ற நம் சட்ட மரபு இதுவேயாகையால் அலுவலர்க்கு இது புதிதன்று.

அவ்வரியின் இறுதியில் வரும் சொற்களில்தான் குழப்பம். ‘நோமாடிஃபை’ என்றால் தொலைவிலிருந்து ஏற்பாட்டை மாற்ற இயலாது. ‘நோகொயரி’ என்றால் வழங்கியின் நிலையைப் பற்றிய விசாரணைக்கு விடையில்லை; நேரம் கேட்டால் மட்டும் விடை உண்டு. இதனை நேரமே கொடுக்காமை என்று பிழையாகக் கொள்வோர் பலர். நேரத்தை மறுப்பது ‘நோசர்வ்’. ‘நோபியர்’ என்றால் முன்பின் அறியாதவர் தாமாக வந்து இணையாக ஒட்டிக்கொள்ள இயலாது. ‘லிமிடெட்’ என்றால் அளவுக்கு மீறி அடிக்கடி கேட்பவருக்கு மறுப்பு. அதனுடன் ‘கோட்’ சேர்ந்தால், ‘இனிக் கேட்காதே’ என்ற அறிவிப்பும் அவ்வப்போது அனுப்பப்படும். ‘இக்னோர்’ என்றால் எதற்குமே விடையில்லை, எதையுமே ஏற்பதில்லை.

பொது வரியில் நோமாடிஃபை, நோகொயரி, நோபியர், லிமிடெட், கோட் ஆகியவற்றை வைத்து, தன் பொறிக்கே உரிய உள்முகவரிக்கு மட்டும் முழு உரிமை அளித்து, கோட்டங்களின் முகவரிகளுக்கு வேண்டிய தளர்வை ஒவ்வொன்றாகக் கொடுப்பது நல்ல தொடக்கம். க்ரோனி என்னும் மற்றொரு மென்பொருள் இதனினும் கண்டிப்பானது. ‘அலவ்’ என்று வெளிப்படையாக எழுதினாலொழிய அது யாருக்கும் நேரம் வழங்காது.

‘லிமிடெட்’ பற்றி ஓர் எச்சரிக்கை. ஒரு கோட்டத்தின் இருநூறு கணிப்பொறிகளும் ஒரே வெளிமுகவரியின் பின்னால் இருந்தால், தலைமையக வழங்கியின் கண்ணுக்கு அவை ஒரே பேராசைக்கார வாடிக்கையாளராகத் தோன்றும். தவறு செய்யாத இருநூறு பேருக்கும் மறுப்பு கிடைக்கும். இதற்குத் தீர்வு வரம்பை நீக்குவதன்று. கோட்டத்தில் ஒரு வழங்கியை வைத்து, அது ஒன்று மட்டும் தலைமையகத்தைக் கேட்கும்படி செய்வதே. பங்கீட்டுக் கடைக்கு ஊரே திரண்டு செல்லாமல் ஊருக்கொரு கடை வைப்பதைப் போன்றது இது.

வரையறை எதற்கு என்று கேட்போர்க்கு இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்லலாம். 2003-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து நேர வழங்கியை வினாடிக்கு இலட்சக்கணக்கான கேள்விகள் வந்து மோதின. நெட்கியர் நிறுவனத்தின் சிலவகைச் சாதனங்களில் அவ்வழங்கியின் முகவரி நிலையாகப் பதிக்கப்பட்டிருந்ததும், விடை கிடைக்காதபோது அவை வினாடிக்கொருமுறை விடாமல் கேட்டதுமே காரணம். பொருளாதாரம் பயின்றவர்க்கு இது பழகிய கதை. நேரம் ஒருவர் பெறுவதால் மற்றவர்க்குக் குறையாத பொதுப் பொருள். ஆனால் அதனை வழங்கும் கணிப்பொறியும் கம்பியும் அவ்வாறல்ல. விலையில்லாப் பொருளுக்கு வரிசையும் இல்லையென்றால், முதலில் இடிபடுவது வரிசையில் ஒழுங்காக நிற்பவரே.

மற்றது இன்னும் கடியது. பழைய மென்பொருளில் ‘மான்லிஸ்ட்’ என்ற விசாரணைக்கு வழங்கி, தன்னைக் கடைசியாகக் கேட்ட 600 முகவரிகள்வரை விடையாக அனுப்பும். கேள்வி சிறிது, விடை அதனைப்போல் பன்னூறு மடங்கு. தீயவர்கள் தம் இரையின் முகவரியைப் பொய்யாக இட்டுக் கேள்வி அனுப்பினால், விடைகள் அனைத்தும் இரையின்மேல் போய் விழும். 2014 பிப்ரவரியில் இவ்வகையில் வினாடிக்கு 400 கிகாபிட் அளவு வெள்ளம் பாய்ந்தது. அவ்வெள்ளத்திற்கு மடையாக இருந்தவை, தீங்கெதுவும் நினையாத நிருவாகிகளின் நேர வழங்கிகள். ‘நோகொயரி’ என்ற ஒரு சொல் அவற்றின் பொது வரியில் இருந்திருந்தால் அவை இதற்குப் பயன்பட்டிரா.

அளவுக்கு மீறிய பூட்டு

பூட்டாமல் விட்டதன் கேட்டைக் கண்டோம். தவறாகப் பூட்டியதன் கேட்டை நானே கண்டிருக்கிறேன். நான் பணியாற்றிய ஓர் அலுவலகத்தில், ஒப்பந்தப்புள்ளிகளைக் கணிப்பொறி வழியே பெறும் ஏற்பாடு இருந்தது. பிற்பகல் 3 மணிக்கு முடிவு. ஓர் ஒப்பந்தக்காரரின் புள்ளி காலங்கடந்து வந்ததென்று மறுக்கப்பட்டது. அவரோ தம் பக்கத்துச் சான்றுகளில் 3 மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையிலேயே அனுப்பிவிட்டதாகக் காட்டினார். எங்கள் இரண்டு நேர வழங்கிகளையும் பார்த்தோம். இரண்டும் மில்லிவினாடி பிசகாமல் ஒத்திருந்தன. எனவே அவர் சொல்வது பொய் என்று கோப்பில் எழுதப்பட்டது. எழுதியவர்களுள் நானும் ஒருவன்.

உண்மை பின்னர்தான் தெரிந்தது. எட்டு மாதங்களுக்கு முன், பாதுகாப்புச் சுற்றறிக்கை ஒன்றை நிறைவேற்றும் ஆர்வத்தில், பொது வரியில் ‘இக்னோர்’ என்று எழுதியிருந்தனர். கோட்ட முகவரிகளுக்கும் இணை வழங்கிக்கும் தளர்வு கொடுத்தவர்கள், மேலே நேரம் தரும் டில்லி வழங்கிகளுக்குக் கொடுக்க மறந்துவிட்டனர். வரையறை கேள்விகளுக்கு மட்டுமன்று, நம் கேள்விக்கு வரும் விடைகளுக்கும் பொருந்தும் என்பது அவர்கள் அறியாதது. மூலம் கிட்டாவிடில் தன் சொந்தக் கடிகாரத்தையே பத்தாம் படி மூலமாகக் கொள்ளும்படி முதல் வழங்கியில் முன்பு யாரோ எழுதிவைத்திருந்தனர். அது தன் குவார்ட்ஸ் படிகத்தை நம்பியது. அதன் இணை அதனை நம்பியது. நாளுக்கொரு வினாடி வீதம் எட்டு மாதத்தில் நான்கு நிமிடம் இரண்டும் கைகோத்து முன்னால் ஓடியிருந்தன. அந்த ஒப்பந்தக்காரர் சொன்னது மெய்.

அப்புள்ளி மீண்டும் ஏற்கப்பட்டதா என்று கேட்பவருக்கு: இல்லை. அதற்குள் வேலை வேறொருவருக்கு அளிக்கப்பட்டு, பாதி முடிந்தும்விட்டது.

அலுவலர்கள் பார்க்கவேண்டியவை

இதனைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பெரிய நிபுணத்துவம் தேவைப்படவில்லை. வழங்கியின் மூலப் பட்டியலைக் கேட்டால் ஒவ்வொரு மூலத்திற்கும் எதிரே ‘ரீச்’ என்றொரு எண் வரும். கடைசி எட்டு முறை கேட்டதில் எத்தனை முறை விடை வந்தது என்பதை எட்டடிமான எண்ணாக அது காட்டும். 377 என்றால் எட்டும் வந்தன. 0 என்றால் ஒன்றும் வரவில்லை. எங்கள் பட்டியலில் டில்லி வழங்கிகளுக்கு எதிரே எட்டு மாதமாக 0 நின்றிருந்தது. மாதமொருமுறை அந்த எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதி ஒருவர் கையொப்பமிட வேண்டும் என்ற வழக்கம் இருந்திருந்தால் போதும்.

வரையறைகளை மாற்றிய ஒவ்வொரு முறையும், மாற்றிய கால் மணி நேரம் கழித்து இவ்வெண்ணைப் பார்ப்பது இன்றியமையாதது. ஏனெனில் பிழையான பூட்டு உடனே எந்த ஓசையும் எழுப்புவதில்லை. கேள்விகள் வழக்கமாக 64 வினாடிக்கும் 1024 வினாடிக்கும் இடைப்பட்ட இடைவெளியில்தான் செல்கின்றன. கடிகாரமும் அன்றே கெட்டுவிடுவதில்லை. வழங்கியின் சொந்தக் கடிகாரத்தை மூலமாகக் கொள்ளும் வரி கோப்பில் இருக்குமாயின், அதனை யார், எதற்காக எழுதினர் என்று கேட்டு, தக்க விடையில்லாவிடில் நீக்கிவிட வேண்டும். நேரம் தெரியாத வழங்கி பதினாறாம் படி என்று தன்னைக் காட்டிக்கொள்வதே கோட்டங்களுக்குப் பாதுகாப்பு.

பல நிமிடம் பிசகிய கடிகாரத்தைத் திருத்தும்போது, மூலத்திற்கு வழி திறந்தவுடன் அது தாவலாகத் திருத்திக்கொள்ளும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். எங்கள் கடிகாரங்கள் முன்னால் ஓடியிருந்தபடியால் தாவல் பின்னோக்கியது. ஒரே நான்கு நிமிடம் பதிவேட்டில் இரண்டு முறை வரும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, ஒப்பந்தப்புள்ளிகள் எதுவும் திறந்திராத வேளையில், இரண்டு அலுவலர்கள் முன்னிலையில் அதனைச் செய்து, தாவலுக்கு முன்னும் பின்னும் இருந்த நேரங்களைக் குறித்து, அக்குறிப்பை அந்தப் பழைய கோப்பிலேயே சேர்த்துவைத்தோம்.